பண்ணையார் அங்கவஸ்திரம்

பண்ணையார் கோதண்டத்தின் கரும்பு சோகை பிடித்தாற்போல் நின்றது. பக்கத்திலேயே, அவரிடம் குத்தகைக்கு எடுத்த கொல்லையில் கன்னியம்மாவின் கரும்பு கருகருவென்று வளர்ந்தது.

"என் உரத்தைத் திருடிட்டா!" என்று ஊர்க்கூட்டத்தில் கத்தினார்.

"இல்லீங்க எசமான். என் மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஆளுங்க வேலை செய்யறாங்க. உதிர்ந்த தோகையும் ஆட்டுப்புழுக்கையும்தான் அவங்களுக்குச் சோறு. நீங்க வருசாவருசம் தோகையைக் கொளுத்தி அவங்களையும் சேர்த்துக் கொளுத்திட்டீங்க."

"அந்த ஆளுங்களைக் கரும்பு வெட்டுக்கு முன்னாடி காட்டு. இல்லேன்னா நிலத்தை விட்டு இறங்கு!"

கன்னியம்மா பண்ணையாரின் பருத்தி அங்கவஸ்திரத்தைக் கேட்டு வாங்கினாள். ஊரார் பார்க்க அதை இரண்டாகக் கிழித்து, ஆளுக்கொரு பாதியாக அவர் வயலிலும் தன் கொல்லையிலும் புதைத்தாள்.

அப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தோண்டிப் பார்க்கலாமென்றால் பண்ணையார் காவல் போட்டிருந்தார். வானமும் வெளுத்துக் கிடந்தது. ஈரமில்லாவிட்டால் மண் துணியை எப்படித் தின்னும்? ஒருவழியாக மழை பெய்தது.

வெட்டுக்கு முன்பு ஊர்கூடித் தோண்டியது. பண்ணையார் வயலில் துணி அலசிக் கட்டலாம்போல முழுசாக வந்தது. கன்னியம்மா கொல்லையில் ஜரிகைக் கரை மட்டும் மிஞ்சியிருந்தது.

"பாத்தீங்களா, துணியையும் திருடிட்டா!"

"துணியைத் தின்னது என் ஆளுங்கதான் எசமான். உங்க வயல்லதான் திருடித் தின்னக்கூட ஆளில்லீங்களே!"

ஊரே சிரித்தது. அந்த வருசம் தோகை கொளுத்தப் பண்ணையார் ஆள் அனுப்பவில்லை.