கல் வாங்கும் ஆமை

மலைச்சரிவில் குரங்குகளுக்கு நீர் இறைக்கும் மூன்று ஏற்றங்கள் இருந்தன, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக. மேல் ஏற்றத்தின் வாலில் ஒரு குரங்கு கல்லை வைக்கும். கல் இறங்கும், மறுமுனையில் வாளி ஏறி உச்சித் தொட்டியில் தண்ணீரைக் கொட்டும். இறங்கிய கல்லை அடுத்த குரங்கு வாங்கித் தன் ஏற்றத்தில் வைக்கும். இப்படி ஒரே கல் மூன்று முறை நீர் இறைக்கும். தொட்டித் தண்ணீர் ஒற்றை மதகு வழியே பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றும், தினை மாவாகும். அந்த மாவு ஒரு நாளைக்கு மேல் தாங்காது. அன்றாடம் அரைத்தால்தான் அன்றாடம் சாப்பாடு.

மூன்றாவது ஏற்றம் சுருளி என்ற பெண்குரங்குடையது. அவளுக்கு ஒரு நோஞ்சான் குட்டி. அவள் இறக்கும் கல் சேற்றில் விழும். அம்மாசி என்ற ஆமை அதை இழுத்துப்போய் மடுவில் தள்ளும். அதற்குக் கூலியாக மாவில் ஒரு பங்கு உண்டு. ஒவ்வொரு கல்லுக்கும், "வாங்கிக்கிட்டேன், தாயீ!" என்று குரல் கொடுக்கும்.

குட்டிக்கு இன்னும் ஒரு பிடி மாவு கிடைக்காதா என்று சுருளிக்கு ஏக்கம். ஒருநாள் அது அம்மாசிமேல் கோபமாக வெடித்தது.

"ஒரு வாளி தண்ணி இறைச்சிருக்கியா நீ? சும்மா வாங்குறதுக்கு உனக்கு ஒரு பங்கா? போ, வேற இடம் பாரு!"

"நான் போனா கல்லை யார் வாங்குவா, தாயீ?"

"அது எங்க பாடு!"

மற்றக் குரங்குகளும் கைதட்டிச் சிரித்தன. அம்மாசி அடுத்த ஓடைக்குப் போய்விட்டது.

உச்சிவேளைக்குள் சேறு முழுக்கக் கல் குவிந்தது. சுருளியின் ஏற்றம் இறங்க இடமில்லை. அவள் கைக்கல் அப்படியே நின்றது. அதனால் மேலே இருந்தவன் கைக்கல்லும் நின்றது, அதற்கும் மேலே இருந்தவன் கல்லும் நின்றது. கல்லை எடுக்கச் சேற்றில் இறங்கிப் பார்த்த குரங்கு இடுப்பளவு புதைந்து அலறியது. தொட்டி வற்றியது. சக்கரம் நின்றது.

சுருளி தவிட்டைக் கரைத்துப் புளித்த கூழ் ஊட்டினாள். அது எத்தனை நேரத்துக்கு வரும்? மறுநாள் காலையில் குட்டிக்குக் கண் செருகியது. அவள் ஓடினாள். அடுத்த ஓடையில் ஆமையைக் கண்டதும் காலில் விழுந்தாள்.

"தப்பு என்மேலதான்! என் புள்ள சாகக் கெடக்குது, வந்துருங்க!"

"எந்திரி, தாயீ. வா, போவோம்!"

அம்மாசி உடனே கிளம்பியது. ஆனால் ஆமை நடை ஆமை நடைதானே! அவள் தூக்கிப் பார்த்தாள், தள்ளிப் பார்த்தாள். வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. கல் நகர்ந்தது, தண்ணீர் ஏறியது, சக்கரம் சுழன்றது. முதல் பிடி மாவை அள்ளிக்கொண்டு சுருளி பறந்தாள்.

குட்டி வாய் திறக்கவில்லை. உடம்பு சில்லிட்டிருந்தது.

"என் வாயாலேயே உன்னைக் கொன்னுட்டேனே!" என்று அவள் அழுத அழுகையைக் கேட்டு மலையே ஓய்ந்துபோனது.

மறுநாள் அவள் கல்லை இறக்கினாள். "வாங்கிக்கிட்டேன், தாயீ," என்றது அம்மாசி. அதன் குரல் உடைந்திருந்தது.

நம் உடம்பின் செல்களுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற இப்படியொரு ஆலை ஓடுகிறது. அங்கே கல்லைப் போலக் கைமாறி வரும் எலக்ட்ரான்களைக் கடைசியில் நின்று வாங்கிக்கொள்வது, நாம் இழுக்கும் மூச்சில் வரும் ஆக்ஸிஜன். அது சில நிமிடம் வராவிட்டால் அந்தச் சக்கரமும் நின்றுவிடும்.

கடைசியில் நின்று வாங்கிக்கொள்பவரைச் சும்மா இருப்பவர் என்று விரட்டினால், முன்னால் நிற்கும் அத்தனை பேர் உழைப்பும் வீணாகும்.