பித்தப்பை அடங்கிப்போன கதை

அந்தக் காலத்தில் மிருகங்கள் மட்டுமல்ல, மனிதரின் வயிற்றுக்குள் இருப்பவையும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தன. நாச்சாயி என்று ஒருத்தி இருந்தாள். அவளுடைய இரைப்பையும் குடலும் சாதுவானவை. ஈரலுக்கு அடியில் தொங்கிய பித்தப்பைதான் சரியான அவசரக்குடுக்கை. சோறு இறங்கினால் போதும், பித்தத்தைப் பீய்ச்சி, "நகருங்க, நகருங்க!" என்று எல்லாரையும் விரட்டும்.

போன வருடம் நாச்சாயிக்கு உண்டான பிள்ளை மூன்றாம் மாதமே தங்காமல் போய்விட்டது. இப்போது மறுபடி உண்டாகியிருந்தாள். ஆனால் விடிந்தால் கசப்பாக வாந்தி.

"ஏஞ்சாமி இப்படிப் பொங்கறே?" என்று பித்தப்பையைக் கேட்டாள்.

"கீழ ஒரு சோத்துருண்டை கரையாமக் கெடக்குது ஆத்தா. போன வருசமும் ஒண்ணு கெடந்துச்சு. நாலு நாள் உடாம அமுக்கினேன், போயே போச்சு. இதையும் தள்ளீர்றேன், நீ வெசனப்படாத" என்றது அது பெருமையாக.

நாச்சாயி அப்படியே உட்கார்ந்து அழுதாள். திட்டத்தான் வாயெடுத்தாள். ஆனால் பாவம், அது நல்லது செய்வதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தது!

"அது சோறில்ல கண்ணு. கொழந்தை."

பித்தப்பை பீய்ச்சிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தியது. "அப்ப போன வருசம்?" என்று கேட்டது.

நாச்சாயி வலது விலாவுக்குக் கீழே தடவிக் கொடுத்தாள்.

அதன் பிறகு அது அமுக்குவதையே விட்டுவிட்டது. "மெதுவாப் போங்க, கொழந்தை இருக்குது" என்று குடலைக் கெஞ்சியது. சோறு ஆடி அசைந்து நகர்ந்தது, சத்தெல்லாம் பிள்ளைக்குச் சேர்ந்தது. இரைப்பைகூடச் சத்தத்தில் குழந்தை விழித்துவிடுமென்று தன் மேல்கதவைச் சரியாகச் சாத்தவில்லை. புளிப்பு மேலேறி நாச்சாயிக்கு நெஞ்செரிந்தது. தேங்கிய பித்தம் கெட்டியாகி மணல் மணலாகக் கட்டியது.

"கல்லு சேந்துக்கும் சாமி, கொஞ்சம் அமுக்கியுடு" என்றாள்.

"எனக்குப் பயமா இருக்குது ஆத்தா. பொறக்கட்டும்."

பத்தாம் மாதம் பெண் குழந்தை பிறந்து வீறிட்டு அழுதது. உள்ளே இருந்தவையெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு அந்த அழுகையைக் கேட்டன. அதற்குப் பிறகு அவை பேசவே இல்லை.

அன்று முதல்தான் பிள்ளை சுமப்பவளுக்குச் சோறு மெல்லச் செரிக்கிறது, நெஞ்சு எரிகிறது, சிலருக்குக் கல்லும் கட்டிவிடுகிறது. பித்தப்பைக்கு அந்தப் பயம் இன்னும் தெளியவில்லை.