எழுத்துக்கு வெளியே ஒரு பொட்டுப் பொன்

முன்னொரு காலத்தில், எந்தப் படைக்கும் அஞ்சாத அரசர் ஒருவர் சம்பந்தி வீட்டாருக்கு மட்டும் அஞ்சினார். அவர் மகளைக் கொடுக்கவிருந்த வடநாட்டு மன்னரின் கோட்டை வாசலில் வெள்ளி எழுத்துப் பலகை தொங்குகிறதாம். தூது போனவர்கள் வந்து சொன்ன நாள் முதல் அரசருக்குச் சோறு இறங்கவில்லை.

“நம் வாசலில் பொன்னெழுத்து மின்ன வேண்டும்!” என்று சபையில் முழங்கினார். “மயில் கழுத்து நீலத்தில் பலகை. அதில் ‘உறவே வருக’ என்று பொன்னெழுத்து. சம்பந்தியார் வருவதற்குள் யாரால் முடியும்?”

விகடகவி அம்பலக்கூத்தன் எழுந்தான். “என் மனைவி உலகம்மையால் முடியும், அரசே. கோயில் விமானத்துக்குத் தங்கரேக்கு ஒட்டிய கை அது.”

ஊரையே சிரிக்கவைப்பவன், அன்று சிரிக்காமல் சொன்னான். மனைவியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவனுக்கு விகடம் வராது, மார்புதான் விரியும்.

அமைச்சர் திருமேனியாருக்குப் பொறுக்கவில்லை. அரசர் தம்மைவிட விகடகவியிடம் அதிகம் பேசுகிறார் என்ற புகைச்சல் அவருக்கு வெகுநாளாக உண்டு. அடர்ந்த கருமீசையை முறுக்கிக்கொண்டார்.

“கோலம் போடும் கையில் பொன்னைக் கொடுப்பதா, அரசே? எழுத்து ஓரமெல்லாம் பொன் அப்பிக் கிடந்தால் சம்பந்தியார் சிரிப்பாரே!”

அரசர் அரியணையை விட்டு எழுந்தார். “கேள், கூத்தா! எழுத்துக்கு வெளியே ஒரு பொட்டுப் பொன் ஒட்டினாலும், அதற்குக் காரணமானவர் இந்த நாட்டை விட்டே போய்விட வேண்டும். இது என் ஆணை.”

“ஆகட்டும், அரசே.”

உலகம்மை பலகைக்கு நீலம் பூசிப் பத்து நாள் காயவிட்டாள். தங்கரேக்கு என்னும் பொன் தகடு வெங்காயச் சருகைவிட மெல்லியது. மூச்சுப் பட்டாலே பறக்கும். பிசுக்குள்ள இடத்தில் பட்டாலோ ஒட்டிக்கொண்டு போகாது. அதனால்தான் எழுத்தை மட்டும் பிசுபிசுக்கும் எண்ணெயால் எழுதி, அதன் மேல் ரேக்கை வைப்பார்கள். பின்னணி நன்றாகக் காய்ந்திருந்தால், எழுத்தில் மட்டும் பொன் நிற்கும்.

இதைத் திருமேனியாரும் விசாரித்து வைத்திருந்தார்.

சம்பந்தி வரும் நாள் விடிந்ததும் உலகம்மை கணவனோடு கோட்டை வாசலுக்கு வந்து, மடக்கிய விரலின் கணுவைப் பலகையில் வைத்துப் பார்த்தாள். ஒட்டியது. சட்டென்று விரலை எடுத்துக் கணவனிடம் திரும்பினாள்.

“யாரோ மேல இன்னொரு பூச்சு பூசியிருக்காங்க. நேத்துச் சாயங்காலம் நாம போன பிறகு பூசியிருக்கணும். இப்ப ரேக்கு வெச்சா பலகை முழுக்க அப்பிக்கும்.”

“அரசர்கிட்டச் சொன்னா?” என்றான் அம்பலக்கூத்தன்.

“யாருன்னு கேப்பார். என்ன சொல்லுவீங்க?”

அந்த நேரம் பார்த்துத் திருமேனியார் வந்தார். “என்ன கூத்தா, மூட்டை கட்டியாயிற்றா?” என்று மீசையை முறுக்கினார். வழக்கமாக முறுக்கிய மறுகணமே தொங்கிவிடும் மீசை அது. இன்று நட்டுவைத்ததுபோல் நின்றது. அம்பலக்கூத்தன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லச் சிரித்தான்.

அமைச்சர் போனதும் உலகம்மை கையை நீட்டினாள். “உங்க திருநீற்றுப் பையைக் கொடுங்க.”

“எதுக்கு? பூசிக்கிட்டு நேரா கைலாசம் போயிடலாம்னு முடிவா?”

“விளையாடாதீங்க. பிசுக்கு மேல பொடி படிஞ்சுட்டா பொன் ஒட்டாது.”

திருநீற்றை மெல்லிய துணியில் சலித்துப் பலகை முழுவதும் தூவினாள். மிகுந்ததை ஊதித் தள்ளினாள். அதன் மேல் எண்ணெயால் எழுத்துகளை எழுதினாள். நாடு கடத்தப்பட இருந்தவள் கை, ஒரு வளைவில்கூடப் பிசகவில்லை.

உச்சிப்பொழுதில் அரசரும் சபையாரும் கூடினார்கள். உலகம்மை ரேக்குகளை ஒவ்வொன்றாக எழுத்தின் மேல் படிய வைத்தாள். மென்மயிர்த் தூரிகையால் தடவினாள். ஈரத்துணியால் திருநீற்றை ஒற்றி எடுத்தாள். நீலம் நீலமாக நின்றது; எழுத்து மட்டும் தீயாக எரிந்தது.

தூரிகையில் உதிர்ந்த பொன் துணுக்குகள் காற்றில் மிதந்தன. “அடடா, அமைச்சருக்கு வியர்க்கிறதே!” என்று அம்பலக்கூத்தன் விசிறியால் அந்தப் பக்கம் வீசினான். துணுக்குகள் சபையார் பட்டில் பட்டு வழுக்கி விழுந்தன. பிறகு அவன் அரசரின் காலில் விழுந்தான்.

“விடை கொடுங்கள், அரசே. எழுத்துக்கு வெளியே பொன் ஒட்டிவிட்டது.”

“உளறாதே! பலகை கண்ணாடிபோல் இருக்கிறது.”

“பலகையில் என்று தாங்கள் சொல்லவில்லையே! எழுத்துக்கு வெளியே என்றீர்கள். அதோ அமைச்சரின் மீசை, எழுத்துக்கு வெளியேதானே இருக்கிறது?”

எல்லாரும் திரும்பினார்கள். திருமேனியாரின் மீசை நுனி இரண்டும் பொன்னாக மின்னின. அவர் பதறித் துடைக்கத் துடைக்க, பொன் மீசை முழுவதும் பரவியது.

“அங்கே மட்டும் ஏன் ஒட்டியது?” என்றார் அரசர்.

“காயாத வர்ணத்துலதான் ஒட்டும், மகாராசா,” என்றாள் உலகம்மை. “என் பலகையில நேத்து யாரோ கள்ளப் பூச்சு பூசினாங்க. பூசின கையாலேயே மீசையை முறுக்கியிருக்காங்க.”

கறுப்பில் நீலம் தெரியாது. ஆனால் அரசர் மீசையைப் பிடித்து இழுத்துவிட்டுத் தம் விரலைப் பார்த்தபோது, அதில் மயில் கழுத்து நீலம் தெரிந்தது.

“நாட்டை விட்டு அனுப்பிவிடாதீர்கள், அரசே!” என்று திருமேனியார் கைகூப்பினார்.

“அனுப்பவில்லை. இந்த வாசலை விட்டு நகராதீர். இதே மீசையோடு நின்று சம்பந்தியாரை வரவேற்கிறீர்!”

எக்காளம் முழங்கியது. யானை மேல் வந்த வடநாட்டு மன்னர் பலகையைப் பார்த்தவர், இறங்க மறந்தார். “இது யார் கை?”

இத்தனை நாள் பயந்த அரசர் நிமிர்ந்து நின்றார். “எங்கள் ஊர் உலகம்மையின் கை!”

“அது சரி, உங்கள் நாட்டில் அமைச்சருக்கு மீசைகூடப் பொன்னா?”

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே தம் முத்துமாலையைக் கழற்றி அம்பலக்கூத்தன் கழுத்தில் போட்டார். “உனக்கு என்ன வேண்டும், தாயே?”

“மாலை அவருக்கே இருக்கட்டும், மகாராசா. எனக்குப் பலகை ஓரத்துல ரெண்டு விரல் இடம் போதும்.”

அன்று மாலையே அங்கே சின்னஞ்சிறு பொன்னெழுத்தில் ‘உலகம்மை’ என்று ஏறியது. அவள் ரேக்கை வைத்து முடிக்கும் வரை, கழுத்தில் முத்துமாலையோடு காற்றை மறைத்துக்கொண்டு நின்றான் அம்பலக்கூத்தன். நாட்டிலேயே பெரிய வாய்க்காரன், அன்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான் நின்றான்.