சூசைநாயகத்தின் பக்கம்

புயலில் போன மீனவர்களின் உடல்களைக் கடல் தரவில்லை. கல்லறை இல்லாத அவர்களுடைய மனைவிமார், கல்லறைத் திருநாளன்று 'கூடல்' சமூக வலைத்தளத்தில் கணவன்மாரின் பக்கங்களில் மெழுகுவர்த்திப் படம் போடுவார்கள்.

உரிமையாளர் ஓராண்டு நுழையாத பக்கங்களை அழிப்போம் என்று கூடல் புது விதி போட்டது. ஆயிரக்கணக்கானோர் எதிர்த்து எழுதினார்கள். சமாதானம் சொல்ல மேலாளர் வித்யாசாகர் சென்னையில் கூட்டம் வைத்தார்.

அந்த மனைவிமாரில் ஒருத்தியான, கருவாடு உலர்த்தும் பிரிஸ்கா எழுந்தாள். "எங்க வீட்டுக்காரரு சூசைநாயகம் பக்கத்தை விட்டுருங்க சார்."

"உரிமையாளரே வந்து கேக்கணும்மா. விதின்னா விதிதான்."

பிரிஸ்கா போனை நீட்டினாள். "நேத்து நீங்கதானே அனுப்பினீங்க, 'இன்று சூசைநாயகத்துக்குப் பிறந்தநாள், வாழ்த்துங்கள்'னு? நானும் வாழ்த்தினேன். அவரு இருக்கிற இடம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கேன்னு சொல்லுங்க சார், நானே போய்க் கூட்டிட்டு வாறேன்."

மேலாளர் மைக்கைக் கீழே வைத்தார்.

அந்த வாரமே விதி போயிற்று; பக்கம் தப்பியது. ஆனால் இறந்தவர்களுக்கு வாழ்த்துக் கேட்டு இனி எழுதுவதில்லை என்றும் கூடல் முடிவு செய்தது. அடுத்த ஆண்டு சூசைநாயகத்தின் பிறந்தநாளில் பிரிஸ்கா சாயங்காலம்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தாள். அவர் பெயர் வரவேயில்லை.