உடைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்

கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் செண்பகவல்லி ஓர் எழுத்துகூட அடித்ததில்லை. ஒற்றிக்கொண்ட பிறகும், தூங்குகிற பிள்ளையின் கன்னத்தைத் தொடுவதுபோல ஒரே விரலால்தான் அடிப்பாள்.

திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். கணவன் இறந்தபிறகு, அவன் வேலைபார்த்த நூல் மில்லில் அவளுக்கு ஓர் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கம்ப்யூட்டர் தெரிந்தால் ஆபீஸில் மேஜை. தெரியாவிட்டால் உள்ளே பஞ்சு கூட்டுகிற வேலை. அவளுக்கோ தூசி பட்டாலே மூச்சு வாங்கும்.

கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்த ஜெனிட்டாவுக்கு அவள் வயதில் பாதிதான். இருந்தாலும் செண்பகவல்லிக்கு அவள் மிஸ்.

"மிஸ், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்கக்கா."

"தொட முடிஞ்சது ஹார்ட்வேர், தொட முடியாதது சாஃப்ட்வேர். மனப்பாடம் ஆயிருச்சு. ஆனா தப்பான பட்டனை அழுத்தி இது உடைஞ்சுபோச்சுன்னா?"

ஜெனிட்டா சற்று யோசித்தாள்.

"இன்னைக்குப் பாடம் கிடையாதுக்கா. இதை உடைச்சுட்டு வீட்டுக்குப் போங்க."

"வெளையாடாதீங்க மிஸ்."

"ஓங்கிக் குத்தக் கூடாது. பட்டனை மட்டும் அழுத்தணும். எதை வேணா அழுத்துங்க."

திரையில், பயிற்சிக்காக அவள் அரைமணி நேரம் முக்கி முக்கி அடித்த விடுப்புக் கடிதம் இருந்தது. ஒரு பட்டனை அழுத்தினாள். பக்கத்தில் இருந்ததையும் அழுத்தினாள். அப்புறம் இரண்டு கையும் இறங்கின. கடிதம் எங்கோ ஓடியது. ஒன்றின்மேல் ஒன்றாக என்னென்னவோ திறந்துகொண்டன. கடைசியில் அம்புக்குறி பசை போட்டு ஒட்டியதுபோல நின்றுவிட்டது.

"உடைச்சுட்டேன் மிஸ்." கைகளை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

ஜெனிட்டா சிபியு பெட்டியின் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாள். மறுபடி போட்டாள். ஒன்றும் நடக்காததுபோலத் திரை விழித்துக்கொண்டது.

"என் லெட்டர் எங்க?"

"சேவ் பண்ணீங்களா?"

"இல்லையே."

"போனது அது ஒண்ணுதான். திரும்ப அடிங்க."

செண்பகவல்லி அடித்தாள். கண்ணில் ஒற்றிக்கொள்ள மறந்துபோனது. இப்போது விரல்கள் நான்கு ஓடின. நடுவில் கடைப்பையன் டீ கொண்டுவந்தான். ஆறிவிடக் கூடாதென்று, இளஞ்சூடாக இருந்த சிபியு பெட்டியின்மேல் டம்ளரை வைத்துவிட்டு அடித்துக்கொண்டே இருந்தாள். முடித்ததும் முதல் வேலையாக சேவ் செய்தாள்.

"திங்கக்கிழமை மேஜையிலதான் உக்காருவேன் மிஸ்."

"உக்காருங்க."

"இந்தப் பாடு படுத்தியும் உடையலையே. அப்ப இது எதுக்குத்தான் உடையும்?"

ஜெனிட்டா எழுந்து வந்தாள். பெட்டியின்மேல் இருந்த டம்ளரை மெதுவாக எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"இதுக்கு."