ஒரு மீன் குறைவு

"அம்மா, என்ரை மகளுக்கு என்னோடை இருக்க விருப்பமில்லை."

குணநேசன் இதைச் சொன்னபோது மங்களேஸ்வரி விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அவள் பிடிக்கிற தூண்டில் சொல்லுது."

மேற்குக் கனடாவில், மலையிலிருந்து இறங்கிக் கடலுக்குப் போகும் ஓர் ஆற்றின் கரையில் மங்களேஸ்வரியின் வீடு. முன்பு ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவள். வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்திலிருந்து சிலர் வந்து, அவளோடு பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள். எவரையும் அவள் சீடன் என்று அழைத்ததில்லை. குணநேசன் தன்னைத்தானே அப்படி எண்ணிக்கொண்டான். வயதில் அவன்தான் மூத்தவன். அவள் அவனை அண்ணை என்பாள். அவன் அவளை அம்மா என்பான்.

அவன் லொறி ஓட்டினான். மனைவியோடு பிரிவு வந்து, பிள்ளைகள் இருவரும் தாயிடம் போய்விட்டார்கள். இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை, மாலை ஆறு மணி வரை, அவனுக்கு என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. அவன் குடியிருந்தது, மூன்று பேரோடு பங்குபோட்ட ஒரு நிலக்கீழ் அறை. அங்கே பிள்ளைகளைக் கூட்டிப்போக அவனுக்கு மனம் வரவில்லை. சால்மன் மீன் ஏறுகிற காலம். ஆற்றுக்குக் கூட்டிப்போனான்.

"தூண்டில் என்ன சொல்லுது?"

"நூலை இறுக்கிப் பிடி எண்டு எத்தனை தரம் சொல்லிக் குடுத்தனான். மீன் கொளுவினதும் தளர விடுறாள். மீன் போயிடுது. தம்பிக்காரன் சின்னவன், அவன்கூடப் பிடிச்சிடுவான். இவளுக்குக் கவனமில்லை அம்மா. மனம் வேறை எங்கையோ."

"பிடிச்சு முடிஞ்சால்?"

"வீட்டை போவம்."

"உடனையோ?"

"உடனை. ஆளுக்கு ரெண்டு மீன்தான் சட்டம். நிறைஞ்ச பிறகு தண்ணியிலை நூல் கிடக்கக் கூடாது. மீன்பிடி அதிகாரி வந்து தண்டம் எழுதினால் தாயின்ரை சட்டத்தரணியிட்டைக் கதை போகும். ஒரு பிழை போதும், இந்தச் சனிக்கிழமையும் எனக்கு இல்லாமல் போக."

"அப்ப நேரம் என்னவாகும்?"

"மத்தியானம் ஆகும். கொண்டுபோய் விட்டிடுவன். பிந்தினான் எண்ட சொல் எனக்கு வரக்கூடாது."

மங்களேஸ்வரி கடைசி விறகை வைத்தாள். கையைத் தட்டிக்கொண்டாள்.

"அடுத்த முறை நானும் வரட்டோ?"

*

அந்தச் சனிக்கிழமை ஆறு நிறைய மீன்.

ஓட்டத்துக்கு எதிராகக் கறுத்த முதுகுகள் ஏறிக்கொண்டிருந்தன. சிலவற்றின் தோல் கிழிந்திருந்தது. சில ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்குவதுபோல் வாலை அசைத்தன.

"அப்பா, இதெல்லாம் எங்கை போகுது?" என்று கேட்டான் அகரன். ஏழு வயது அவனுக்கு.

"பிறந்த இடத்துக்கு."

"கடல் நல்லமில்லையோ?"

"கடல் நல்லம்தான்."

குணநேசன் தன் நூலை வீசினான்.

தன் பங்கு இரண்டையும் அவன் கெதியாகவே பிடித்துவிட்டான். அகரனுக்குப் பின்னால் நின்று, அவன் கையோடு கை வைத்து, அவனுடைய இரண்டையும் கரை சேர்த்தான். மகள் ஆரபி ஒன்று பிடித்திருந்தாள். மீன் பெட்டி நிறைய இன்னும் ஒன்றுதான் குறைவு.

வழக்கம்போல் குணநேசன் கத்தியை எடுத்தான். மீன்களை வெட்டிக் கழுவி, வாகனத்தில் ஏற்றி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். கடைசி மீன் வந்ததும் புறப்படத் தோதாக இருக்கும்.

மங்களேஸ்வரி கையை நீட்டினாள்.

"கத்தியைத் தாங்கோ."

"அம்மா, நீங்கள் மச்சம் தொடமாட்டியளே."

"இண்டைக்குத் தொடுறன்."

"ஐயோ, நான் இருக்க நீங்கள்—"

"அண்ணை. அந்தக் கல்லிலை போய் இருங்கோ."

அவன் போய் உட்கார்ந்தான். பிள்ளைகள் நிற்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் இருந்தது அந்தக் கல். அவ்வளவு கிட்ட, வேலை ஒன்றும் இல்லாமல், அவன் ஒருநாளும் இருந்ததில்லை.

முதலில் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பிறகு மகளைப் பார்த்தான்.

போன குளிருக்கு வாங்கிக் கொடுத்த மேலங்கி. அதன் கை, மணிக்கட்டுக்கு மேலே ஏறியிருந்தது. தலைமுடியை வேறு விதமாகப் பின்னியிருந்தாள். யார் பின்னிவிட்டது, எப்போதிருந்து இப்படி, ஒன்றும் அவனுக்குத் தெரியாது. இடையிடையே காலை மாற்றி நின்றாள். அது அவனுடைய பழக்கம்.

தூண்டில் வளைந்தது.

பெரிய மீன். ஆரபி பதறவில்லை. தூண்டிலை உயர்த்தினாள். மீன் இழுத்தபோது விட்டுக்கொடுத்தாள், களைத்தபோது சுற்றினாள். நூல் கம்பிபோல் நின்றது. சொல்லிக் கொடுத்ததில் ஒன்றைக்கூட அவள் மறந்திருக்கவில்லை. அவன்கூட இவ்வளவு வடிவாக அதைத் திருப்பியிருக்க மாட்டான்.

மீன் கரைக்குக் கிட்ட வந்தது.

ஆரபி திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து, இன்னும் உச்சிக்கு வராத வெயிலைப் பார்த்தாள்.

அகரன் அவளோடு ஒட்டி நின்றான். குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"விடு அக்கா. கெதியா விடு."

அவள் தூண்டிலைத் தாழ்த்தினாள். நூல் தளர்ந்தது. தண்ணீரில் ஒரு வெள்ளி வயிறு புரண்டு மறைந்தது.

"ஐயோ, போச்சு!" என்று அகரன் சத்தமாகக் கத்தினான். அப்பா தூரத்தில் வாகனத்தடியில் நிற்பதாக நினைத்துக் கத்தின சத்தம் அது.

"தவறிப் போச்சு, அப்பா!" என்றாள் ஆரபி. திரும்பவில்லை.

குணநேசன் எழுந்தான். மங்களேஸ்வரியின் பக்கம் திரும்பினான்.

"அம்மா…"

அவள் முழங்கை வரை செதிலோடு, ஒரு மீனின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னோடை கதையாதேங்கோ, அண்ணை. எனக்குத் தெரியாத வேலை இது."

அவன் நின்றான். எத்தனை சனிக்கிழமை என்று மனம் தேடியது. எத்தனை மத்தியானங்களில் தாய் இருக்கும் வீட்டு வாசலில் இவர்களை இறக்கிவிட்டு, நேரத்தோடு விட்டேன் என்ற நிம்மதியோடு திரும்பிப் போயிருக்கிறான். வாசலில் நின்று கை காட்டின பிள்ளைகளை, வாகனக் கண்ணாடியில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

அவன் போய் மகளுக்குப் பக்கத்தில் நின்றான்.

ஆரபி திடுக்கிட்டாள். "அப்பா, நீங்கள் வாகனத்தடியிலை…"

"இஞ்சைதான் இருந்தனான்."

அவள் மறுபடி நூலை வீசினாள். அகரன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மீன்கள் ஏறிக்கொண்டிருந்தன.

தூண்டில் வளைந்தது.

"இறுக்கு, பிள்ளை," என்றான் குணநேசன்.

அவள் இறுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

"இறுக்கு. திரும்பத் திரும்ப முள்ளுக் குத்தினால் அதுக்கும் வாய் நோகும்."

"நிறைஞ்சிடும், அப்பா."

"நிறையட்டும். நிறைஞ்சால் தூண்டிலை மடிச்சு வைப்பம். அதுதான் சட்டம்."

"பிறகு?"

இந்த ஆற்றில், மீன் முடிந்த பிறகு என்ன இருக்கிறது என்று அவன் பார்த்ததேயில்லை.

"எனக்குத் தெரியேல்லை," என்றான். "நீதான் சொல்லவேணும். ஆறு மணி வரைக்கும் எனக்கு ஒரு வேலையும் இல்லை."

ஆரபி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

பிறகு, நூலைச் சுற்றத் தொடங்கினாள்.