தம்பி எடுக்காத பங்கு

அரசர் இறந்து பதினாறாம் நாள் சடங்கு முடிவதற்குள் அரியணைக்கு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். இருவரும் அவர் பெற்ற பிள்ளைகள்தான். நாடு இரண்டாகப் பிரிந்தது, படையும் பிரிந்தது. எந்த இளவரசர் பக்கம் நியாயம் என்று சிப்பாய்களை யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு எந்தக் கோட்டையில் சோறு தின்றுகொண்டிருந்தார்களோ அந்தக் கோட்டையின் கட்சி ஆனார்கள்.

அந்துவன் வடகோட்டையில் இருந்தான். அவன் தம்பி கொற்றன் தென்கோட்டையில் இருந்தான். அவர்களுக்குள் இருந்த பகை அவ்வளவுதான்.

இப்போது நடுவில் ஒரு வறண்ட ஆறு, இக்கரையில் ஒரு பாசறை, அக்கரையில் ஒரு பாசறை. மூன்று மாதமாகப் போர் வரும் என்ற பேச்சு மட்டும் இருந்தது. பள்ளம் வெட்டினார்கள், அறுந்த செருப்பைத் தைத்தார்கள், கூழைக் குடித்தார்கள், குடித்துவிட்டுத் திட்டினார்கள். காலையில் அக்கரைக்காரர்கள் மணலில் தோண்டிய ஊற்றில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்ட வருவார்கள். குதிரைகளைக் கூப்பிட ஒருவன் நாக்கை மடித்துச் சீழ்க்கை அடிப்பான். அது கொற்றன்தான். அதைக் கேட்ட பிறகே அந்துவனுக்குத் தொண்டையில் கூழ் இறங்கும்.

இக்கரைப் பாசறையில் காயங்களுக்குக் கட்டுப்போட நல்லாதன் என்றொரு வைத்தியர் இருந்தார். அந்துவனைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அந்துவன் அவரைத்தான் குருவாக நினைத்தான். வேலை ஒழிந்த நேரத்தில் அவருக்கு மருந்து அரைத்துக் கொடுத்து, மனதில் இருப்பதையெல்லாம் கேட்பான். வைத்தியர் பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மாட்டார். மீதிப் பாதிக்குச் சொல்லும் பதில் புரியாது. அந்துவனுக்கு அதிலேயே திருப்திதான்.

ஒருநாள் நண்பகலில் உப்பு விற்கும் வணிகர் ஒருவர் வண்டியை நிறுத்தி, அந்துவனைத் தேடிப்பிடித்து ஒரு துணி மூட்டையைக் கொடுத்தார். அம்மா அனுப்பியது. உள்ளே ஒன்பது பொரிவிளங்காய் உருண்டைகள் இருந்தன. கல்லைப் போன்ற பண்டம், மாதக்கணக்கில் கெடாது. கூடவே அவள் சொல்லி அனுப்பியதையும் வணிகர் ஒப்பித்தார்.

"ரெண்டு பேரும் சண்டை போடாம சாப்பிடணும். பெரியவனே பங்கு வைக்கட்டும்."

சொல்லிவிட்டு வணிகர் மாட்டைப் பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் இருவரும் ராஜாவின் படையில் இருப்பதாகத்தான் அந்தத் தாய்க்குத் தெரியும். ராஜா இரண்டான கதையை அவளிடம் சொல்ல ஊரில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. தம்பியின் பங்கை எப்படியாவது அக்கரையில் சேர்க்க முடியுமா என்று அந்துவன் கெஞ்சினான். அக்கரைக்கு ஒரு பிடி உப்பு போனாலும் கொண்டுபோன கையை வெட்டுவார்களாம் என்று சொல்லி, அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அவர்கள் வீட்டில் தின்பண்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரியவன் பங்கு வைப்பான், சின்னவன் முதலில் எடுப்பான், மிஞ்சியது பெரியவனுக்கு. ஒரு பங்கு கடுகளவு பெருத்தாலும் கொற்றனின் கை நேராக அதற்குத்தான் போகும். அதனாலேயே சமமாகப் பங்கு வைப்பதில் அந்துவனை மிஞ்ச ஊரில் ஆள் இல்லை.

கை பழக்கத்தை விடவில்லை. கூடாரத்தின் முன் துணியை விரித்து நாலும் நாலுமாக வைத்தான். ஒன்பதாவதைக் கல்லால் உடைத்துத் தூளைக்கூட இரண்டாகப் பிரித்தான். பிறகு எப்போதும்போல் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். எடுக்க வேண்டியவன் வரமாட்டான் என்பது அப்புறம்தான் உறைத்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டான்.

கூடாரத்து ஆட்கள் சுற்றி வந்து நின்றார்கள். இரண்டு பங்கையும் அவனே தின்னலாம் என்றான் ஒருவன். எதிரியின் பங்கைப் பறிமுதல் செய்து எல்லாருக்கும் கொடுப்பதுதான் போர் முறை என்றான் இன்னொருவன். அந்துவன் சிரிக்கவும் இல்லை, ஒரு தூளைக்கூடத் தொடவும் இல்லை.

சற்று நேரத்தில் முரசு ஒலித்தது. மறுநாள் விடிந்ததும் படை ஆற்றைக் கடக்கும் என்று அறிவித்தார்கள்.

அந்துவன் வைத்தியரிடம் ஓடினான். எங்கே தொடங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. உருண்டையில் தொடங்கி வேலுக்குப் போனான், வேலிலிருந்து மறுபடி உருண்டைக்கு வந்தான். தம்பியைக் குத்தினால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? குத்தாமல் விட்டால் இருபது வருடம் தின்ற சோற்றுக்கு என்ன பதில்? ஓடிப்போனால், மூன்று மாதம் பக்கத்தில் படுத்த ஆட்களை நடு ஆற்றில் விட்டுப்போன மாதிரி ஆகாதா? எல்லாமே சரியாகவும் தெரிகிறது, எல்லாமே தப்பாகவும் தெரிகிறது என்றான்.

வைத்தியர் அவனோடு கூடாரத்துக்கு வந்தார். துணியின் முன் குந்தி உட்கார்ந்து இரண்டு பங்கையும் பார்த்தார்.

"எது பெரிசு?"

"ரெண்டும் ஒண்ணுதான், ஐயா. அப்படித்தான் வச்சேன்."

வைத்தியர் ஒரு பங்கை அள்ளக் கையை நீட்டினார். அந்துவன் சட்டென்று குருவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"ஏன், இது உம்ம பங்கா?"

"தெரியாது."

"அப்ப கொற்றனோடதா?"

"அதுவும் தெரியாது. அவன் எடுத்தாத்தான் தெரியும்."

"நாளைக்கு அவர் உமக்கு எதிரி."

"இருந்துட்டுப் போகட்டும். முதல்ல எடுக்க வேண்டியது அவன்தான்."

வைத்தியர் கையைத் தளர்த்தினார். அந்துவனும் பிடியை விட்டான். குருவின் மேல் கைவைத்ததற்கு மன்னிப்புக் கேட்டான். பிறகு, தன் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்று நினைவூட்டினான்.

"என்ன கேட்டீர்?"

"நாளைக்கு அவன் எனக்கு முன்னால வேலோட வந்து நின்னா, நான் என்ன செய்யணும்?"

"காத்திரும். அவர் முதல்ல எடுக்கட்டும்."

அந்துவன் விழித்தான். இரண்டு படையும் மோதும் மணலில் தான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தான். வந்தபோது இருந்த குழப்பம் இப்போது இரண்டு மடங்காகியிருந்தது. கேட்கவே நாக்கு கூசியது, ஆனாலும் கேட்டான்.

"அவன் என்னைக் குத்திட்டான்னா?"

வைத்தியர் எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"இத்தனை வருஷமா பங்கு வைக்கிறீர், அந்துவரே. அவர் எடுத்தது போக மிஞ்சுறதுதானே என்னைக்கும் உம்ம பங்கு?"